தந்தூரி அடுப்பும் ஒரு தாழி ஓடும்

அருங்காட்சியகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் உள்ளூர்ப் பண்பாட்டு வளங்களையும் வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களுக்குக் கடலூரில் ஒரு பயிற்சி நடந்தது. ஏசி அறை, ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா, நடுவில் டீயும் சமோசாவும். பயிற்சியாளர் திரையில் வெளிநாட்டு மியூசியங்களாகக் காட்டிக்கொண்டே போனார். பளிங்குத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த ஊர்ப் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்து அருங்காட்சியகமோ நாங்கள் சமோசா தின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. "சார், இப்பவே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்றேன். "டைம் டேபிள்ல இல்லியே மேடம்" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சமூக அறிவியல் எடுக்கிறவளுக்கு அது ஆகாது என்று என் கணவரில் தொடங்கிப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த வருஷம் நடந்ததை எல்லாம் கோபப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் இருந்தால், அவரையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

எங்கள் பள்ளிக்கூடம் காடாம்புலியூரைத் தாண்டி உள்ளே போகிற சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முதுமக்கள் தாழி பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இறந்தவர்களைப் பெரிய மண் தாழிக்குள் வைத்து, பக்கத்தில் அவர்கள் புழங்கிய சட்டி பானையையும் வைத்துப் புதைத்த காலம். புத்தகத்தில் இருந்த படம் தபால்தலை அளவுதான். பலாப்பழத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தது போல இருந்தது. "இது எவ்வளோ பெருசு மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். நான் கையை விரித்துக் காட்டினேன். அப்போது இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வாயைத் திறக்கவே யோசிக்கிற பிள்ளை.

"அதவிடப் பெருசு மிஸ். எங்க அப்பா இடுப்பு உசரம் இருந்துச்சி. அவருதான் தோண்டி எடுத்தாரு."

தோப்பில் பலாக் கன்று வைக்கக் குழி எடுத்தபோது கடப்பாறை எதிலோ பட்டு 'டொங்'கென்று சத்தம் வந்ததாம். தோண்டிப் பார்த்தால் தாழி. விஷயம் வி.ஏ.ஓ. காதுக்குப் போய், ஆட்கள் வந்து, வைக்கோல் சுற்றி ஜீப்பில் ஏற்றிக் கடலூர் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. பக்கத்தூரிலிருந்து வருகிறவள் என்பதால் வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது.

கடைசி பெஞ்சில் எங்கள் வகுப்பின் பெரிய வாய்க்காரன் இருந்தான். "உங்க அப்பா கக்கூஸுக்குக் குழி தோண்டியிருப்பாரு" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவனை எழுப்பி நிற்க வைத்தேன். நின்றுகொண்டே சிரித்தான். அன்றைக்கு அவளுக்குத் 'தாழி' என்று பேர் வைத்தார்கள். அதன்பிறகு அவள் தலைவலி என்றாலும் நம்பவில்லை, வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்றாலும் நம்பவில்லை. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"நான் பொய் சொல்லல மிஸ். மியூசியத்துல இருக்கு. ஒரே ஒரு தடவ எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க, காட்டுறேன்."

பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு சுற்றறிக்கையைப் பயிற்சியில் கொடுத்திருந்தார்கள். நான் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதைக் கேட்காமல் அவர் ஒரு டஸ்டர்கூட வாங்கமாட்டார்.

"ஜோராப் போலாம் டீச்சர். மொதல்ல நாள் பாப்போம்" என்று தாளைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புவார்களா? புதன் கரிநாள். வியாழன் அவருக்குச் சந்திராஷ்டமம். சனிக்கிழமை என்ற பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "தை வெள்ளி. வளர்பிறை. ராகு காலத்துக்கு முன்ன உள்ள நொழஞ்சிட்டோம்னா போதும்."

"எதுக்கும் போன் பண்ணிக் கேட்டுக்கலாம் சார்."

"கவர்மெண்டு ஆபீஸு டீச்சர். வேல நாள்ல தொறந்துதான இருக்கும்?"

அந்தக் காலண்டரில் பல்லி விழும் பலன் இருந்தது, பசு கனவில் வந்தால் என்ன நடக்கும் என்று இருந்தது, எந்தத் திசையில் சூலம் என்று இருந்தது. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பது மட்டும் இல்லை.

வேனுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். முன்பக்கம் பேனர். வேனில் ஏறியபோது அந்தப் பெண் தலையில் கனகாம்பரம் வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் போல இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ராகு காலத்துக்கு நன்றாகவே முன்னால் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் ஒரு பூட்டு தொங்கியது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் வாழைப்பழத் தாரைத் திருப்பி மாட்டிக்கொண்டே, "வெள்ளிக்கெழம லீவாச்சே சார், இன்னா விசாரிக்காம வந்துட்டீங்க?" என்றார்.

வாய்க்காரன் பின்னாலிருந்து, "தாழி சாமி கும்புடப் போயிருக்கும்டா" என்றான். அந்தப் பெண் கம்பிக்குள் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்ததெல்லாம் ஒரு வேப்ப மரமும் நிறுத்தி வைத்திருந்த ஒரு ஸ்கூட்டியும்தான்.

தலைமையாசிரியர் அசரவில்லை. பூட்டு தெரியாதபடி பேனரைப் பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தார். அப்புறம், "வந்தது வந்தோம், சிதம்பரம் போய்டுவோம். கோயிலே ஒரு மியூசியம்தான டீச்சர்?" என்றார். அதில் தப்பில்லை. நானே அப்படிச் சொல்லக்கூடியவள்தான். சிப்காட் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது பிள்ளைகள் எழுந்து நின்று, "அதோ எங்க மாமா கம்பெனி, இதோ எங்க சித்தப்பா கம்பெனி" என்று புகைபோக்கிகளைக் காட்டினார்கள். அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் இல்லாத பிள்ளை அந்த வண்டியில் இல்லை. அவர்கள் அவ்வளவு பயபக்தியோடு வேறெதையும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் இறங்கும்போது உச்சி வேளை ஆகி, நடை சாத்தியிருந்தார்கள். ஒரே நாளில் மனிதர்கள் பூட்டியதையும் சாமி பூட்டியதையும் பார்த்த பாக்கியசாலிகள் நாங்கள். ஆனாலும் கோபுரத்து வாசலில் இருக்கும் ஆடல் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு காலைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, கையைப் பின்னால் வளைத்து நிற்கிற சிற்பங்கள். பார்த்ததோடு நிற்காமல் பிள்ளைகள் அதே மாதிரி நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தன் விழுந்தான். "கல்லு எப்பிடி மிஸ் இவ்வளோ நேரம் நிக்கிது?" என்று கேட்டான். அன்றைக்கு நடந்த ஒரே பாடம் அது. "வாசல்ல நின்னு டான்ஸ் ஆடாதீங்கடா" என்று தலைமையாசிரியர் அதையும் முடித்துவைத்தார்.

அவருக்கு வேறு கவலை. சாயங்காலத்துக்குள் 'மாணவர்கள் காட்சிப்பொருளை உற்றுநோக்குதல்' என்ற தலைப்பில் ஒரு போட்டோவை மேலிடத்துக்கு ஏற்றியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன் திரும்பும்போது ஒரு மண்பாண்டக் கடை கண்ணில் பட்டது. பொங்கலுக்கு விற்காத பானைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில், அகன்ற வாயும் பருத்த வயிறுமாக, பிள்ளைகளின் மார்பு உயரத்துக்கு ஒன்று நின்றது.

"நிறுத்துப்பா, நிறுத்து!" என்றார்.

கடைக்காரரிடம் கேட்டேன். ஒரு கிரில் சிக்கன் கடைக்காகச் சொல்லிவைத்துச் செய்த தந்தூரி அடுப்பாம். அடியில் சாம்பல் வார ஓட்டை வைத்திருந்தார்கள்.

"சார், இது அடுப்பு."

"தாழியும் மண்ணு, இதுவும் மண்ணு டீச்சர். நாமளும் ஒருநாள் மண்ணுதான்" என்றார். தத்துவத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்தார். குனிந்து உற்றுநோக்கச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவருக்கு அவள்மேல் பிரியம்தான். "நீதான தாழின்னு சொல்லிட்டு இருந்த? வாம்மா, நடுவுல நின்னு கைய வெச்சிக் காட்டு."

அவள் அசையவில்லை. "இது அது இல்ல சார்."

"தெரியும்மா. சும்மா போட்டோவுக்கு."

"அப்ப நான் சொன்னதும் இதுதான்னு ஆயிடும் சார்."

சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அவரிடம் கத்தினேன். நடுத்தெருவில், ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "ஒரு பிள்ளைய ஊரே பொய்யின்னு சொல்லுது, அவகிட்டயே பொய் கேக்குறீங்களே!" அவர் நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, போட்டோ எடுத்தார். வாய்க்காரன்தான் நடுவில் நின்று கை வைத்தான்.

மறுநாளே மேலிடத்து வாட்ஸப் குழுவில் பாராட்டு வந்துவிட்டது. 'சிறப்பான முயற்சி. தாழியின் அடியில் காணப்படும் துளை, ஆன்மா வெளியேறுவதற்காக அமைக்கப்பட்டதா என்பதை மாணவர்கள் ஆராயலாம்.' கீழே நிறையக் கைதட்டல் படங்கள். சான்றிதழும் வந்தது. தலைமையாசிரியர் அந்தப் போட்டோவை ஃப்ளெக்ஸ் அடித்துப் பள்ளிக்கூட வாசலில் கட்டினார். 'வரலாற்றைத் தொட்ட மாணவர்கள்' என்று தலைப்பு. ஃப்ளெக்ஸில் அவள் மட்டும் இல்லை. அது போதுமானதாக இருந்தது வகுப்புக்கு. "அவ சொன்னது நெஜமா இருந்தா போட்டோவுல நின்னிருப்பாளே" என்றார்கள்.

ஃப்ளெக்ஸ் கட்டியதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. எங்கள் பக்கம் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒரு வாரம் வராவிட்டால், அடுத்த வாரம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் இருப்பாள். அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். அப்பா தோப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க டீச்சரம்மா. இன்னான்னே தெரியல, பள்ளிக்கூடம்னா மொறைக்கிறா. உங்க பேச்சுக்காவது வருவாளா பாருங்க" என்றார். தாழியைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? எதோ பழைய பீப்பான்னு நெனச்சேன். ஒரு போடு போட்டேன், வாய் ஒடஞ்சி போச்சி. இல்லன்னா முழுசாக் குடுத்திருப்பேன்" என்று வருத்தப்பட்டார்.

"ஒடஞ்ச துண்டு?"

அவர் பதில் சொல்லுமுன் அந்தப் பெண் கொல்லைப் பக்கம் பார்த்தாள். கோழிக்கூண்டுக்கு அருகில், குழிவான ஒரு சிவப்பு ஓட்டில் தண்ணீர் வைத்திருந்தது. உள்ளங்கையைவிடப் பெரியது, ஒரு பக்கம் தடித்த விளிம்பு. ஜீப்பில் ஏற்றும்போது கீழே கிடந்ததை யாரும் கேட்கவில்லையாம்.

"இத எடுத்துட்டு வந்து காட்டியிருக்கலாமேடி!"

"கோழி தண்ணி குடிக்கிற ஓடு மிஸ். இதக் காட்டுனா இன்னும்தான சிரிப்பாங்க?"

அவள் சொன்னது சரி. தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டைத் துடைத்து ஒரு துணித்துண்டில் சுற்றச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை, தலைமையாசிரியரின் காலண்டரில் என்ன போட்டிருந்ததோ தெரியாது, நான் மியூசியத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, வர விரும்பிய ஏழெட்டுப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பெற்றோரிடம் நானே பேசினேன். வாய்க்காரனும் வந்தான். அவன் வேடிக்கை பார்க்கத்தான் வந்தான்.

தாழிகள் ஒரு நீளமான தாழ்வாரத்தில், வாய் பிள்ளைகளின் தலை உயரத்துக்கு வரும்படி மேடைமேல் வரிசையாக நின்றன. நான்கு. மேலே சுவரில் 'தொடாதீர்கள்' என்று பலகை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சின்ன அட்டை, 'முதுமக்கள் தாழி. பண்ருட்டி வட்டம்' என்று. எந்த ஊர் என்று இல்லை. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். படத்தில் தபால்தலையாக இருந்தது நேரில் ஓர் ஆளை உள்ளே வைக்கிற அளவு இருந்தது. வாய்க்காரன்தான் முதலில் பேசினான். "இதுல எது உங்குது?"

அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வயசில் பார்த்தது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள், "தொடக் கூடாதும்மா" என்று வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டில் இருந்த ஓட்டைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "சரி, பாத்து. இடிக்காத" என்றார்.

முதல் தாழியின் வாயில் ஓர் உடைசல் இருந்தது. ஓட்டை அதில் வைத்தாள், பொருந்தவில்லை. இரண்டாவதில் பாதி வாயே இல்லை, அதில் எங்கே வைப்பது? மூன்றாவதின் உடைசல் சின்னது. நான்காவது மூலையில், உடைசல் ஏதுமில்லாமல் முழுசாக நின்றது. அவள் ஓட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாய்க்காரன் மெல்ல, "போலாம் மிஸ்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அம்மாள் மூலைத் தாழியைக் காட்டினார். "அதுவும் ஒடஞ்சதுதாம்மா. ஒடஞ்ச பக்கத்த செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்கோம். பாக்க நல்லா இருக்கணும்ல?"

நெளிந்த குடத்தை விருந்தாளி வந்தால் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறவர்கள் நாங்கள். என் வீட்டு எவர்சில்வர் குடமும் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை.

தாழியை நகர்த்தக் கூடாது; அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம்தான் இருந்தது. அவள் கன்னத்தைச் சுவரில் ஒட்டி, ஓட்டோடு கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தேடினாள். மண்ணோடு மண் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் நின்றது.

"உக்காந்துடுச்சி மிஸ்."

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் இருட்டு. போனை உள்ளே விட்டால் அவ்வளவு கிட்டத்தில் படம் கலங்கலாகத்தான் விழுந்தது. "நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள். கை எடுத்தால் ஓடு விழுந்துவிடும் என்று கையை எடுக்காமல் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மறுபக்கத்திலிருந்து கையை விட்டுத் தடவினார்கள். வாய்க்காரன் எல்லாரையும்விட அதிக நேரம் தடவினான். வெளியே எடுத்து, விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்தான். "ஜாயிண்டு எங்கன்னு தேடுனேன் மிஸ். தெரியவே இல்ல." கடைசியாக அந்த அம்மாளும் கையை விட்டார். பிறகு நான். அந்த விளிம்பு முறியாமல் ஓடியது. எனக்கு அழுகை வந்தது. 'தொடாதீர்கள்' பலகைக்கு நேர் கீழே நின்று அழுதேன்.

"ஓட்ட இங்கயே குடுத்துட்டுப் போம்மா" என்றார் அந்த அம்மாள்.

அவள் அட்டையைப் பார்த்தாள். "குடுத்தா எங்க ஊரு பேரு போடுவீங்களாக்கா?"

"எழுதிக் குடு. ஆபீசருகிட்ட சொல்லி மேல அனுப்பச் சொல்றேன்."

"பேரு போட்டுட்டுச் சொல்லுங்கக்கா. எடுத்துட்டு வரேன்" என்று ஓட்டை மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷமாகக் கேட்டார். "போட்டோ?" என்றார்.

"எடுக்க முடியாது சார். தொடத்தான் முடியும்."

கொஞ்ச நேரம் உண்மையாகவே வருந்தினார். அப்புறம், "பரவால்ல டீச்சர். அதுக்குத்தான் நமக்கு ஏற்கனவே பாராட்டு வந்துடுச்சே" என்றார்.

வாசல் ஃப்ளெக்ஸ் மழைக்காலத்தில் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. அந்தப் பெண்ணின் அப்பா வந்து கேட்டு வாங்கிப்போனார். இப்போது அவர்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அதுதான் கூரை. கோழிகள் தாழியைக் கொடுத்துவிட்டுத் தந்தூரி அடுப்பை வாங்கிக்கொண்டன. கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிற கோழிக்கு அது என்ன செய்தி சொல்கிறதோ எனக்குத் தெரியாது.

மியூசியத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. ஓடு அவளிடமே இருக்கிறது. இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, பத்தாம் வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். துண்டைப் பிரித்து ஓட்டை முதல் பெஞ்சில் வைத்தாள். நடந்ததெல்லாம் அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு பொடியன் ஓட்டைத் தொடாமல், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "இதுல கோழி தண்ணி குடிச்சிதாமே அக்கா?" என்று கேட்டான். பின்னால் சிரிப்பு கிளம்பியது.

"ஆமா, குடிச்சிது" என்றாள். "அதுக்கு முன்னாடி இதுக்குள்ள ஒருத்தர் இருந்தாரு. நம்ம ஊருக்காரரு. தொட்டுப் பாரு."

அவன் சுருக்கிய மூக்கை விட்டுவிட்டு, ஒரு விரலால் தொட்டான்.